அறுபத்து மூன்றாவது மீட்டர்

கிரிகரியின் வலது கைக்கு ஒரு பழக்கம் உண்டு. சாப்பாட்டு மேசையானாலும் சரி, மாதா கோயில் பெஞ்சானாலும் சரி, உட்கார்ந்த இடத்தில் உள்ளங்கையைத் தட்டையாக வைத்து அழுத்திக்கொள்ளும். கல்யாணமான புதிதில் சூசன் அதை என்னவோ நோய் என்று நினைத்துக் கவலைப்பட்டாள். "நோயெல்லாம் இல்ல. மெஷின் மேல கைய வெச்சாத்தான் கீழ என்ன மண்ணுன்னு தெரியும். பழகிப்போச்சு" என்று அவர் சொன்னதை அவள் அரைகுறையாகத்தான் நம்பினாள்.

கிளாங் பள்ளத்தாக்கே தண்ணீர் இல்லாமல் தவித்த தொண்ணூற்றெட்டில் அவர் இந்த வேலைக்கு வந்தார். அணைகள் வற்றிப்போய், லோரியில் வரும் தண்ணீருக்கு ஜனங்கள் வாளியோடு வரிசையில் நின்ற நேரம். தொழிற்சாலைக்காரர்கள் ஆழ்துளைக் கிணறு போட ஆள் தேடி அலைந்தார்கள். இப்போதைய முதலாளி குகனின் அப்பா அப்போது இரண்டு ரிக் மெஷின் வைத்திருந்தார். அதில் களிமண் கரைக்கும் ஆளாகச் சேர்ந்த கிரிகரி நாலே வருஷத்தில் மெஷினை ஓட்டும் ஆளானார். இன்றைக்கு வயது ஐம்பத்தேழு. இடது காது பாதி போய்விட்டது, சர்க்கரை வந்துவிட்டது. அவர் ஓட்டும் மெஷினைப் போன்ற பழைய மெஷின் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இன்னும் இரண்டோ மூன்றோதான் மிச்சம். மற்றவர்களெல்லாம் திரை வைத்த புதிய ரிக் வாங்கிவிட்டார்கள். அதை ஓட்டப் படித்த பையன்கள் இருக்கிறார்கள். போன வருஷம் வேலை இல்லாத மூன்று மாதத்தில் கிரிகரி ஒரு காண்டோ அடுக்குமாடியில் காவல்காரர் வேலை கேட்டுப் போனார். சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு, "அங்கிள், ராத்திரி நீங்க மயக்கம் போட்டா நாங்க உங்களுக்குக் காவல் போடணும்" என்று சிரித்தபடியே அனுப்பிவிட்டார்கள்.

அதனால்தான் இந்தப் பன்னிரண்டு குழி வேலை வந்தபோது அவருக்கு மூச்சு வந்தது.

வேலையும் புது மாதிரி. இத்தனை வருஷமும் தண்ணீர் கிடைத்ததா என்று மட்டும்தான் கேட்டார்கள். கிடைத்தால் குழாயை இறக்கிவிட்டுப் போகலாம், கிடைக்காவிட்டால் திட்டு. இந்தத் தடவை கேள்வியே வேறு. ஆற்றில் எவனோ எதையோ கொட்டிவிட்டுப் போக, ஊர் முழுக்கக் குழாய்த் தண்ணீரை நிறுத்துவது வாடிக்கையாகிவிட்ட காலம். அடியில் எந்த இடத்தில், எத்தனை மீட்டரில், எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, உப்பா நல்லதா என்று வரைபடம் போடுகிறார்கள். கிளாங் தெற்கிலிருந்து கடற்கரை வரை பன்னிரண்டு இடத்தில் துளை போட்டு, ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு பை மண் எடுத்து அடுக்க வேண்டும். தண்ணீர் இல்லாத குழியும் கணக்கில் சேரும்.

"தண்ணி வரலன்னாலும் திட்டு வாங்காத கிணறு இதான்ணே. நம்ம ரெண்டு பேருக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்றான் நாகையா. பதினெட்டு வருஷமாகக் கிரிகரியோடு மெஷினில் நிற்பவன். ஐம்பதைத் தாண்டியவன்.

குகன்தான் சிரிக்கவில்லை. அப்பா செத்தபிறகு இரண்டு மெஷினில் ஒன்றை விற்றுவிட்டு மீதி ஒன்றை இழுத்துக்கொண்டிருப்பவன். "அங்கிள், இது சுத்தமா முடிஞ்சா அடுத்து முப்பது குழி இருக்கு. இதுல சொதப்புனா மெஷின வித்துட்டு நான் மச்சான் கம்பெனில லோரி பாக்கப் போயிடுவேன். அப்புறம் நீங்க உங்க பாட்டப் பாத்துக்க வேண்டியதுதான்" என்று முதல் நாளே சொல்லிவிட்டான். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல் சொன்னான்.

எட்டுக் குழி முடிந்தது. ஒன்பதாவது குழி, வரிசை வீடுகள் நிறைந்த ஒரு தாமானின் பாடாங் திடல் ஓரத்தில். புதன்கிழமை காலை பத்தரைக்கு இருபத்தொன்றாவது இரும்புத் தண்டு இறங்கியது. தண்டு ஒன்றுக்கு மூன்று மீட்டர். ஆக அறுபத்து மூன்று. முதல் முப்பது மீட்டரும் சிப்பி கலந்த சாம்பல் களிமண். அப்புறம் சேறும் மணலும் கலந்து வந்தது. ஐம்பதைத் தாண்டியதும் பருமணல். பலகையில் வரிசையாக அடுக்கிய பைகளில் கடைசிப் பதினொன்றும் அரிசி நொய் மாதிரி வெளுத்துக் கிடந்தன.

மணலில் துளை போடுவதற்கு ஒரு விதி உண்டு. பம்ப் நிற்கக் கூடாது. கரைத்த களிமண் தண்ணீர் தண்டின் உள்வழியே இறங்கி, அடியில் அறுபட்ட மணலை அள்ளிக்கொண்டு வெளிப்புறமாக மேலே வந்தபடி இருக்க வேண்டும். அது நின்றால் அள்ளிய மணல் அத்தனையும் அப்படியே கீழே போய் உட்காரும். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் முதலில் தண்டுகளை மேலே தூக்கிக்கொள்ள வேண்டும். இது கிரிகரிக்குத் தெரியாததல்ல. நாகையாவுக்கு அவர்தான் சொல்லிக் கொடுத்தார்.

பாடாங்குக்கு நேரெதிர் வீட்டில் பவுனம்மாள் என்ற எண்பத்தொரு வயசு அம்மாள் செவ்வாய்க்கிழமை மாலை இறந்துபோயிருந்தார். வாசலில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், ரோட்டை அடைத்துக் காரும் வேனுமாகக் காடிகள். பதினொரு மணிக்கு அந்த வீட்டிலிருந்து ஒரு பெண் தலைமுடி அவிழ்ந்தபடி ரோட்டைக் கடந்து வந்தாள். இறந்தவரின் மகள் வள்ளியம்மா.

"அண்ணே, அம்மாவ எடுக்கப் போறோம். பாட்டு பாடுறாங்க, ஒண்ணும் காதுல விழல. அஞ்சே நிமிஷம், மெஷின நிப்பாட்டுங்கண்ணே" என்று கைகூப்பினாள்.

தண்டுகளைத் தூக்கலாம். ஆனால் ஒவ்வொன்றாகக் கழற்றும்போது இரும்பும் இரும்பும் மோதும் சத்தம் மெஷின் சத்தத்தைவிட மோசம். பிணத்தைச் சுற்றி ஜனம் நிற்கும்போது அதைச் செய்ய அவருக்கு மனசு வரவில்லை. ஐந்து நிமிஷம்தானே. சாவியைத் திருப்பினார். இன்ஜினும் பம்ப்பும் ஒருசேர அடங்கின. பாட்டு கேட்டது.

ஐந்து நிமிஷம் பத்தானது. ஜொகூரிலிருந்து வரும் மகன் நெடுஞ்சாலை டோலில் மாட்டிக்கொண்டானாம். சடங்கு செய்யும் பண்டாரம் காத்திருந்தார்.

"அண்ணே" என்றான் நாகையா மெதுவாக. "மணல்ல நிக்குது."

"தெரியும்."

"பம்ப மட்டும் போட்ருவோமா?"

"பம்ப் சத்தம் என்ன, சங்கீதமா?"

இருபதாவது நிமிஷத்தில் கிரிகரியின் கை சாவிக்குப் போனது. அப்போதுதான் அந்த மகன் காடியிலிருந்து இறங்கி, செருப்பைக் கூடக் கழற்றாமல் ஓடிப்போய் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டான். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றிவரத் தொடங்கினார்கள். கிரிகரி கையை எடுத்துவிட்டார். தொப்பியையும் எடுத்துவிட்டார். சவ வண்டி தெருமுனை திரும்பும்வரை அவரும் நாகையாவும் வெயிலில் நின்றார்கள்.

முப்பத்தேழு நிமிஷம்.

இன்ஜினைப் போட்டதும் அழுத்தமானியின் முள் ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது. குழாய் பாம்பு மாதிரி உப்பியது. மேலே ஒரு சொட்டு வரவில்லை. தண்டைச் சுற்றிப் பார்த்தார், சுற்றவில்லை. தூக்கிப் பார்த்தார். மெஷினின் முன்கால்கள் புல்லுக்குள் அமிழ்ந்ததே தவிர தண்டு அசையவில்லை. இரும்பின் மேல் உள்ளங்கையை வைத்தார். மரத்தின் மேல் வைத்த மாதிரி இருந்தது.

குகன் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து ஒரு மணி நேரத்தில் வந்து சேர்ந்தான். இறங்கும்போதே, "என்ன ஆச்சு அங்கிள்?" என்றான். முகத்தில் ரத்தம் இல்லை.

கிரிகரி யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது. "மணல் சரிஞ்சிருச்சு தம்பி. ஓடிக்கிட்டு இருக்கும்போதே."

நாகையா குனிந்து பூட்ஸில் ஒட்டிய சேற்றைச் சுரண்ட ஆரம்பித்தான்.

"பம்ப் ஓடும்போதேவா?"

"ஆமா."

குகன் மூச்சை வெளியே விட்டான். "அப்படின்னா சமாளிக்கலாம். மண்ணோட குத்தம்னா பக்கத்துலயே இன்னொரு குழி போட விடுவாங்க, நாளும் கொடுப்பாங்க. நம்ம தப்புன்னா மீதி மூணு குழியும் வேற ஆளுக்குப் போயிரும். அந்த முப்பதும் போச்சு. எதுக்கும் முதல்ல தண்ட வெளிய எடுக்கப் பாருங்க. வேற செட் தண்டு கிடையாது, தெரியும்ல?"

தெரியும். அன்று மாலைவரை சுற்றினார்கள், தட்டினார்கள், தண்ணீரை ஏற்றிப் பார்த்தார்கள். சமையல் எண்ணெய்கூட ஒரு டின் ஊற்றினார்கள். "வடை சுடுறோம்ணே" என்றான் நாகையா. யாரும் சிரிக்காததால் அவனும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது சூசன் மறுநாள் பள்ளிக்கூடக் கேன்டீனுக்கு வேண்டிய, உருளைக்கிழங்கு வைத்துப் பொரிக்கும் கறிபாப்புக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, குளிக்கச் சொல்லாமல் முதலில் சோற்றைப் போட்டாள்.

"மாட்டிக்கிச்சா?"

"ம்."

"வருமா?"

"தெரியல."

"குகன் என்ன சொல்றான்?"

"வந்தா வேலை இருக்கு."

அவள் மாவை உருட்டிக்கொண்டே இருந்தாள். செராஸில் இருக்கும் மகள் ஆட்ரிக்குப் போன் போடலாமா என்று நினைத்தது முகத்தில் தெரிந்தது. போடவில்லை. மகளுக்கு அவள் பாடு. "மீன்ல முள்ளு இருக்கு, பாத்துச் சாப்புடுங்க" என்றாள்.

வியாழக்கிழமை இரண்டு ஹைட்ராலிக் ஜாக்கிகளை வாடகைக்குக் கொண்டுவந்து தண்டைக் கவ்விப் பிடித்து மேலே தள்ளினார்கள். ஒரு விரற்கடை ஏறியது. நாகையா, "வருதுண்ணே, வருது!" என்று கத்தினான். கிரிகரி சுண்ணாம்புக் கட்டியால் தண்டில் கோடு போட்டார். ஜாக்கியைத் தளர்த்தியதும் கோடு பழைய இடத்துக்கே இறங்கிவிட்டது. இழுபட்டது இரும்புதான். அடியில் ஒன்றும் விடவில்லை. பதினோரு தடவை அதையே செய்தார்கள். பன்னிரண்டாவது தடவை கவ்வியின் பல் உடைந்து, நாகையாவின் தலைக்கு ஒரு சாண் தள்ளி விசிறிக்கொண்டு போனது.

அந்த இடைவெளியில் வள்ளியம்மா ஃபிளாஸ்க்கோடு வந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது.

"எங்க வீட்ல அடுப்பு பத்த வைக்கல. பக்கத்து வீட்ல போட்ட காப்பி. குடிங்கண்ணே. நேத்து நீங்க நிப்பாட்டுனதுதான்... எல்லாரும் சொன்னாங்க, அம்மா நிம்மதியாப் போனாங்கன்னு. இங்க பக்கத்துல கட்டடம் கட்டுறானுங்களே, அவனுங்ககிட்டயும் போய்க் கேட்டேன். காதுலயே போட்டுக்கல."

"பரவால்லம்மா" என்றார் கிரிகரி.

"தண்ணி கிடைச்சிருச்சா? எங்க தாமானுக்குக் குழாய் போடுவாங்களாண்ணே?"

"பாக்குறோம்."

நாகையா எதையோ சொல்ல வாயைத் திறந்தான். கிரிகரி அவன் கையில் காப்பியைத் திணித்தார்.

மத்தியானம் விஷ்ணுப்ரியா வந்தாள். வரைபடம் போடும் நிறுவனத்தின் நிலவியலாளர். முப்பது வயதுகூட இருக்காது. இரண்டு நாளாக ஷா ஆலமில் பழைய குழிகளின் மண்ணைச் சலித்துக்கொண்டிருந்தவள், குகனின் போன் வந்ததும் நேராக வந்திருக்கிறாள். தண்டைப் பார்ப்பதற்கு முன்னால் பைகளைப் பார்த்தாள். ஐம்பத்து மூன்றாம் பையைத் திறந்து மணலைக் கையில் கொட்டிக்கொண்டாள்.

"அங்கிள், இது எவ்ளோ அழகா இருக்கு தெரியுமா?"

"தெரியும்மா. பிடிச்ச பிடி விடமாட்டேங்குது."

அவள் சிரித்தாள். "பம்ப் ஓடும்போதே உள்ள வந்துச்சுன்னு குகன் சொன்னாரு. நிஜமா?"

கிரிகரி தலையை ஆட்டினார். தலையை ஆட்டுவது பொய்யில் சேருமா என்று ஒரு கணம் தோன்றியது. பக்கத்தில் குகன் நின்றான்.

விஷ்ணுப்ரியா வரைபடத்தைக் காடியின் முன்பக்கத்தில் விரித்தாள். கிளாங்கிலிருந்து கடல்வரை எட்டுப் புள்ளிகள். பேச்சில் வேகம் கூடிவிட்டது. "பம்ப் ஓடும்போதே மணலைத் தள்ளுதுன்னா, கீழ தண்ணி சும்மா நிக்கல. பயங்கர அழுத்தத்துல இருக்குன்னு அர்த்தம். இந்த ஏரியாவுலயே எங்களுக்கு அப்படி ஒரு இடம் கிடைக்கல. பெரிய டெஸ்ட் கிணத்த இங்கதான் போடணும்னு எழுதப் போறேன். இதுவரைக்கும் பந்திங் பக்கம்னு வெச்சிருந்தோம். அத எடுத்துரலாம்." சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி, ஒன்பதாவது இடத்தில் வட்டம் போட்டாள். வட்டத்திலிருந்து கிழக்கே, அந்தத் தண்ணீர் வரும் பக்கமாக, ஒரு கோடு இழுத்தாள்.

"அப்படி இல்லம்மா" என்றார் கிரிகரி.

அவர் சொல்ல நினைத்துச் சொன்னதல்ல. இருபத்தேழு வருஷமாக, மண்ணைப் பற்றி யாராவது தப்பாகச் சொன்னால் வாய் திறந்துவிடும். வள்ளியம்மாவுக்கு ஒப்புக்குப் பதில் சொல்ல முடிந்தது, சூசனிடம் பாதி சொல்லி நிறுத்த முடிந்தது. அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை.

"எப்படி இல்ல அங்கிள்?"

"மணல் தள்ளல. அமைதியாத்தான் இருந்துச்சு. நான் பம்ப நிப்பாட்டிட்டேன். முப்பத்தேழு நிமிஷம். தண்டத் தூக்காம நிப்பாட்டுனேன். அதான் உக்காந்துருச்சு."

குகன் அவரைத் திரும்பிப் பார்த்தான். நாகையா ஜாக்கியின் பின்னால் போய் நின்றுகொண்டான்.

"ஏன் நிப்பாட்டுனீங்க?" என்று விஷ்ணுப்ரியாதான் கேட்டாள். கிரிகரி எதிர்வீட்டைக் காட்டினார். பந்தல் இன்னும் பிரிக்கப்படவில்லை. ஒரு பையன் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

"அங்கிள்" என்றான் குகன். குரல் உயரவே இல்லை. "நேத்து என்கிட்ட வேற சொன்னீங்க."

"ஆமா."

"என்கிட்டயாவது நிஜத்தச் சொல்லியிருக்கலாம்ல? நான் எங்கப்பாவா, திட்டுவேன்னு பயப்பட? ரெண்டு பேரும் உக்காந்து பேசியிருப்போம்ல லா."

குகன் தன் காடிக்குப் போய்க் கதவைத் திறந்து வைத்தபடியே கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தான். திரும்பி வந்து, "நாளைக்குக் கழட்டுறதக் கழட்டிட்டு, குழிய மூடிருங்க. மெஷின் காப்பார்ல இருக்கிற யார்டுக்குப் போகட்டும். வேலை வந்தா கூப்பிடுறேன்" என்றான். கிரிகரியின் கண்ணைப் பார்க்காமல் நாகையாவைப் பார்த்துச் சொன்னான்.

விஷ்ணுப்ரியா சிவப்பு வட்டத்தை அடித்துவிட்டாள். அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் வெகுநேரம் ஒன்றும் எழுதாமல் இருந்தாள். பிறகு எழுதினாள். எழுதாமல் இருக்க அவளாலும் முடியாது.

"அங்கிள்... மணல் ஆரம்பிச்சது அம்பத்திமூணுதானே? பைல அப்படித்தான் போட்டிருக்கு."

"பை அப்படித்தான் சொல்லும். கீழ அறுந்தது மேல வர நேரம் ஆகும்ல? கைக்கு அம்பத்தியொண்ணரைலயே தெரிஞ்சிருச்சு. சட்டுனு லேசாச்சு. அம்பத்தெட்டுல ஒரு அடி களிமண். அது பைல கலந்துபோயிருக்கும், உங்களுக்குத் தெரியாது. அப்புறம் மறுபடியும் நல்ல மணல்."

கவிழ்த்த வாளி ஒன்றின் மேல் உட்கார்ந்து, இருபது மீட்டரிலிருந்து அறுபத்து மூன்றுவரை சொன்னார். அவள் பையில் இருப்பதை அடித்து அடித்து அவர் சொன்னதை எழுதினாள். நீலப் பேனாவால். சிவப்பு வட்டம் போடும் அளவுக்கு இல்லாவிட்டாலும் நல்ல தண்ணீர் இருக்கும் இடம்தான் என்றாள். கிரிகரிக்கும் அது தெரியும். தெரிந்து இப்போது என்ன?

வெள்ளிக்கிழமை காலை தண்டுகளை இடப்பக்கமாகச் சுற்றினார்கள். வலப்பக்கம் சுற்றி முறுக்கியது இடப்பக்கம் சுற்றினால் எங்காவது ஒரு மூட்டில் கழன்றுகொள்ளும். எந்த மூட்டில் என்பது மண்ணின் விருப்பம். பதின்மூன்றாவது மூட்டில் கழன்றது. பதின்மூன்று தண்டு வெளியே வந்தது. எட்டுத் தண்டும் நுனியில் இருந்த வெட்டுப்பல்லும் கீழேயே தங்கிவிட்டன. மேலே உள்ள உப்புத் தண்ணீர் அந்தத் துளை வழியாக இறங்கி நல்ல மணலைக் கெடுத்துவிடாமலிருக்க, குழியை சிமெண்ட் ஊற்றி நிரப்ப வேண்டும். நாகையா கலக்கினான், கிரிகரி ஊற்றினார். நாற்பத்திரண்டு மூட்டை. கடைசி மூட்டையில் நாகையா அழுதுவிட்டான். சிமெண்ட் கண்ணில் பட்டதாகச் சொன்னான். கிரிகரி தன் சொந்த ரெஞ்சை மட்டும் துடைத்து மோட்டார் சைக்கிள் பெட்டியில் போட்டுக்கொண்டு, மெஷின் சாவியை நாகையாவிடம் கொடுத்தார்.

வீடு வந்து சேர்ந்தபோது மணி நாலரை. சூசன் குளியலறையில் வாளிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆற்றில் மறுபடியும் ஏதோ நாற்றமாம். ஆறு மணிக்கு மேல் குழாய் அடைத்துவிடுவார்களாம். தண்ணீர் இப்போதே நூலாக வந்துகொண்டிருந்தது. அவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ரப்பர் குழாயை டிரம்முக்குள் பிடித்தார்.

"நாளைக்கு எத்தன மணிக்குப் போகணும்?" என்று கேட்டாள் சூசன்.

"போக வேண்டாம்."

"திங்கக்கிழமையா?"

"திங்கக்கிழமையும் வேண்டாம். மீதி குழியெல்லாம் வேற ஆளுக்கு."

சூசன் கதவில் சாய்ந்துகொண்டாள். ஈரக் கையை உடையில் துடைத்துக்கொண்டாள். அவள் கேட்காமலே, இரண்டு நாளாகச் சொல்லாததை அவர் சொன்னார். பாட்டு, ஜொகூர் மகன், நெய்ப்பந்தம், முப்பத்தேழு நிமிஷம், குகனிடம் சொன்ன பொய், அந்தப் பெண்ணிடம் வாய் திறந்தது, எல்லாவற்றையும் டிரம்மைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சும்மா இருந்திருக்கலாம்ல?" என்றாள் அவள்.

"இருந்திருக்கலாம்."

"அந்தப் பொண்ணு எங்க கோடு போட்டா உங்களுக்கென்ன?"

குழாயிலிருந்து கொஞ்சம் காற்று வந்தது, செருமியது, மறுபடியும் தண்ணீர் வந்தது.

"நான் திங்கக்கிழமைலருந்து மூணு மணிக்கே எந்திரிக்கணும் அப்ப" என்றாள் சூசன். "ரெண்டு கேன்டீன் எடுத்தாத்தான் வாடகைக்காவது ஆகும். நீங்க உருளைக்கிழங்கு உரிக்கணும். இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் முட்டி வலிக்குது, கை நடுங்குதுன்னு சொல்லக் கூடாது."

"சரி."

"சரின்னா?"

"உரிக்கிறேன்னு சொல்றேன்ல."

அவள் பக்கத்தில் வந்து குனிந்து டிரம்மை எட்டிப் பார்த்தாள். பாதிகூட நிறையவில்லை. "கொஞ்சம் தள்ளுங்க" என்று சொல்லி, அவர் கையிலிருந்த குழாயை வாங்கித் தானே பிடித்துக்கொண்டாள். அவர் எழுந்து போகவில்லை. ஈரத்தரையில் அவளுக்குப் பக்கத்தில் நின்று, தண்ணீர் எவ்வளவு மெதுவாக ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.